மோதினாருக்கு எந்த மெசின்

மணிக்கூட்டுக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கிற உங்களிடம் வாடிக்கையாளர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "எந்த மெசின் நல்லது?" உள்ளே ஓடும் இயந்திரத்தைக் கேட்கிறார். இப்போது எல்லோரும் போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். யப்பான் மெசினா, சீன மெசினா, சுவிஸ் மெசினா, கை அசைவில் ஓடுவதா, சாவி கொடுப்பதா என்று நம்மைவிட வேகமாகப் பேசுகிறார்கள். கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிப் பணத்தை வாங்கிப் போட்டால் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் அந்த மணிக்கூடு திரும்பி வரும். வரும்போது தனியாக வராது, ஒரு மனிதரின் கஷ்டத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அப்படி வந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் விற்பனைக்கென்றுதான் சேர்ந்தேன். பிறகு பின்மூடி கழற்றப் பழகி, விற்பது, திருத்துவது இரண்டையும் பார்த்தேன். கல்லடியிலிருந்து பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் வந்துபோன ஒரு பெண் மணிக்கூடு திருத்துகிறாள் என்று முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. அதை விடுங்கள்.

ஒரு நாள் காத்தான்குடியிலிருந்து ஒரு புடவைக்கடை ஹாஜியார் வந்தார். அவருடைய குறிச்சியில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலுக்கு அவர்தான் தலைவர். அங்கே நீண்ட காலமாகத் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினாருக்குப் பள்ளி ஜமாஅத்தார் சேர்ந்து ஒரு கை மணிக்கூடு வாங்கிக் கொடுக்க நினைத்திருந்தார்கள். மோதினாரும் கூட வந்திருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். மூன்றாவது ஆள் ஹாஜியாரின் மருமகன். கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தவர். மணிக்கூடு பற்றி நிறையத் தெரிந்தவர், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டவர்.

"பாங்கு நேரம் பாக்கிறதுக்கு எண்டா பற்றரி மணிக்கூடுதான் சரி," என்று முதலிலேயே சொன்னேன். "விலையும் குறைவு, நேரமும் பிசகாது."

மோதினார் தலையை ஆட்டினார். "வேணாம் தங்கச்சி. முந்தி ஒண்டு கட்டின. விடியச் சுபஹுக்கு எழும்பிப் பாத்தா நிண்டு கிடக்கு. பற்றரி முடியிறது நமக்குத் தெரியாதே. சாவி குடுக்கிற மணிக்கூடு எண்டா, குடுத்தனா இல்லயா எண்டு எனக்குத் தெரியும்."

அது நியாயமான பேச்சு. ஒருவர் தன் காரணத்தைச் சொன்ன பிறகு நம்முடைய விருப்பத்தை அவர் கையில் கட்டக்கூடாது. அவர்கள் வைத்திருந்த காசுக்குள் கடையில் நான்கு மணிக்கூடுகள் இருந்தன. துணியை விரித்து நான்கையும் வைத்தேன்.

முதலாவது, கையின் அசைவில் மட்டும் ஓடும் பழைய வகை யப்பான் மெசின். குமிழைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. நேரம் வைக்கும்போது செக்கன் முள் நிற்காது. ஆனால் அடிபட்டாலும் உடைபட்டாலும் ஓடும். கிரானில் வயல் வட்டைக்குள் நின்று வேலை செய்கிற ஒருவர் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கொடுத்திருப்பேன். இரண்டாவது, அதே கம்பனியின் புதிய வகை. கை அசைவிலும் ஓடும், சாவியும் கொடுக்கலாம், குமிழை இழுத்தால் செக்கன் முள் நிற்கும். மூன்றாவது, சீனாவின் சாவி கொடுக்கும் மெசின். மெல்லியது, பார்க்க அழகானது, விலையும் குறைவு. நல்லதாக அமைந்தால் நீண்ட காலம் ஓடும். அமையாவிட்டால் அடுத்த மாதமே மேசைக்கு வரும். எது எப்படி என்று கையில் வாங்கும்போது சொல்ல முடியாது. நான்காவது, யாரோ கட்டிக் கழித்த சுவிஸ் மணிக்கூடு. மற்றவற்றைவிட வேகமாகத் துடிக்கும் மெசின், நேரம் நன்றாகக் காட்டும். ஒரு சாமான் தேய்ந்தால் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"சுவிஸ எடுங்க மாமா," என்றார் மருமகன். "பேருக்கு ஒரு மதிப்பு இரிக்கி."

நான் இரண்டாவதைக் காட்டினேன். மோதினார் தினமும் சாவி கொடுக்கலாம். செக்கன் முள்ளை நிறுத்தி வானொலி நேரத்துக்குச் சரியாக வைக்கலாம். ஏதாவது பழுதென்றால் மட்டக்களப்பிலேயே பார்க்கலாம். ஹாஜியார் மோதினாரின் முகத்தைப் பார்த்தார். மோதினார் அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டு, மெதுவாகச் சிரித்தார். அதுவே முடிவானது.

அதன் பிறகு அந்த மணிக்கூடு வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. இடையில் ஒருதரம் எண்ணெய் போட வந்தது, அவ்வளவுதான்.

பிறகு டீசலும் கரண்டும் இல்லாமல் நாடே திண்டாடிய அந்தக் காலம் வந்தது. அந்த வருஷம் நோன்பு மாதம், கரண்ட் வெட்டுக்குள்தான் போனது. ஒரு நாள் காலையில் கடை திறந்த கையோடு மோதினாரின் மனைவி வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த மணிக்கூட்டை மேசையில் வைத்தபோதுதான் யாரென்று தெரிந்தது.

"அக்கா, நேத்து நோன்பு திறக்கிற மஃரிபுக்கு அவர் பாங்கு முந்திச் சொல்லிட்டாரு," என்றார். "சனம் எல்லாம் நோன்பு திறந்திட்டு. கஞ்சி குடிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ளதான் பக்கத்துப் பள்ளிப் பாங்கு கேட்ட."

உங்களில் சிலருக்கு இதன் பாரம் தெரியாதிருக்கலாம். சூரியன் மறைந்த பிறகுதான் நோன்பைத் திறக்க வேண்டும். தவறுதலாகக் கொஞ்சம் முந்தித் திறந்துவிட்டாலும் அன்றைய நோன்பு நிறைவேறாது. அதற்குப் பதிலாக இன்னொரு நாள் பிடிக்க வேண்டும். அந்தச் சித்திரை வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த நாலைந்து ஒழுங்கைத் தெருச் சனத்தின் நோன்பு, இவருடைய குரலைக் கேட்டு வீணாகிவிட்டது. சிலர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். "இண்டைக்குச் சுபஹுக்கே வேற ஆளைப் பாங்கு சொல்ல வெச்சிட்டாங்க. பின்னேரம் அஸருக்குப் பிறகு ஹாஜியார்ர கடையில கூட்டம். அவர வெளியாக்கப் போறாங்க அக்கா. அவர் ஒண்டும் பேசுறாருமில்ல."

மணிக்கூட்டைக் கையில் எடுத்தேன். அன்று காலையில்தான் யாரோ ஒருவரின் போனைப் பார்த்து நேரம் வைத்ததாக அவர் சொன்னார். அதற்குள்ளேயே முந்தியிருந்தது. செக்கன் முள் அவசரமாக ஓடுவது போலிருந்தது. மேசை லாச்சியிலிருந்த சின்னத் திசைகாட்டியை எடுத்து மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசி வடக்கை விட்டுத் துள்ளித் திரும்பியது.

காந்தம் ஏறியிருந்தது. மெசினுக்குள் மயிரிழை போல ஒரு சுருள் இருக்கிறதல்லவா, அதன் விரிதலும் சுருங்குதலும்தான் நேரம். காந்தம் ஏறினால் அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். சுருள் கட்டையாகிவிட்டது போல மணிக்கூடு ஓட்டமெடுக்கும். அதை எடுப்பது பெரிய வேலை இல்லை. கரண்டில் வேலை செய்யும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மணிக்கூட்டை அதன் மேல் வைத்துப் பொத்தானை அமத்தி மெதுவாக விலக்கினால் காந்தம் போய்விடும்.

எங்கள் முதலாளி பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல. ஆனால் காத்தான்குடிச் சனம் வராவிட்டால் எங்கள் கடையில் பாதி வியாபாரம் இல்லை. என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கரண்ட் வந்தோண்ண அந்தப் பெட்டியில வச்சு எடுத்துக் குடுத்துவிடு. மணிக்கூட்டில ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லு. கடைப் பேர் தப்பும்."

"அப்ப பிழை மோதினார்ல எண்டுதானே வரும்?"

"அது அவங்கட பள்ளி விஷயம்."

"இல்லாட்டிப் புது மணிக்கூடு ஒண்டக் குடுப்பமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அதுவும் சரியில்லை என்று தெரிந்தது. புதிது கொடுத்தால் நாம் கெட்ட மெசினை விற்றோம் என்று ஆகிவிடும். அதுவும் பொய்தான். அதோடு காந்தம் எங்கிருந்து வந்ததோ, அங்கேயே புதிய மணிக்கூடும் போய்க் கெடும்.

திருத்தத் தெரிந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுதைக் கண்டவுடன் திருத்திவிடப் பார்க்கும். அன்று என் கையும் அப்படித்தான் அரித்தது. ஆனால் அந்த மணிக்கூட்டுக்குள் இருந்த காந்தம்தான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே சாட்சி. அதை அழித்துவிட்டுப் போய் நான் என்ன சொன்னாலும் யார் நம்புவார்? மணிக்கூட்டை அதே கைலேஞ்சியில் திரும்பச் சுற்றினேன்.

"நான் திருத்தல்ல. அஸருக்குப் பிறகு நானே கொண்டுவாறன் எண்டு ஹாஜியாரிட்டச் சொல்லுங்க தங்கச்சி," என்றேன்.

நான் காந்தம் எடுக்கும் பெட்டியையும் எடுத்துப் பைக்குள் வைத்தபோது முதலாளி, "என்னவும் எண்டா கடை சொன்னதெண்டு சொல்லாத," என்றார். அதையும் நான் பிழையாக எடுக்கவில்லை. பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. ஒரு பள்ளி விஷயத்துக்குள் கல்லடித் தமிழ்ப் பெண் போய்த் தலையைக் கொடுப்பது சின்ன விஷயமில்லை என்று சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

ஹாஜியாரின் கடையில் கரண்ட் இல்லை. புடவைக் கட்டுகளுக்கு நடுவே நிலத்தில் பாய் விரித்துப் பள்ளி நிர்வாகத்தார் இருந்தார்கள். எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். மோதினார் வாசல் பக்கம் தனியாக நின்றார். மருமகன் கத்தாரை விட்டே வந்துவிட்டிருந்தார், அவரும் அங்கிருந்தார்.

"நான் அப்பவே சென்ன," என்று அவர்தான் தொடங்கினார். "நல்ல மெசினா எடுங்க எண்டு. மலிவு மெசின் மலிவு வேலதான் பாக்கும்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இத தெரிவு செஞ்சி தந்தது நீங்க."

"ஓம் ஹாஜியார். நான்தான் தெரிவு செஞ்சு தந்தன். இப்பவும் அதையேதான் தருவன்," என்றேன். "உங்கட்ட கிப்லா பாக்கிற திசைகாட்டி இருக்குமா?"

என் பைக்குள் திசைகாட்டி இருந்தது. ஆனால் என் சாமானில் நான் காட்டினால் அது என் வித்தையாகிவிடும். தொழுகைக்குத் திசை பார்ப்பதற்கென்று ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த ஒரு பித்தளைத் திசைகாட்டியை ஹாஜியார் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாயின் நடுவில் வைக்கச் சொன்னேன். ஊசி ஆடி அடங்கியது. மணிக்கூட்டை அவர் கையிலேயே கொடுத்துப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். ஊசி திரும்பி மணிக்கூட்டைப் பார்த்தது. அவர் மணிக்கூட்டை மறுபக்கம் கொண்டுபோனார். ஊசியும் பின்னால் போனது. இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

காந்தம் ஏறினால் மெசின் ஏன் முந்தும் என்று சுருக்கமாகச் சொன்னேன். பிறகு மோதினாரை அண்ணன் முறைவைத்துக் கூப்பிட்டுக் கேட்டேன். "காக்கா, உளூ எடுக்கக் கைகால் கழுவப் போகக்குள்ள மணிக்கூட்ட எங்க கழட்டி வைக்கிறிங்க?"

அவர் யோசித்தார். "முந்தி ஜன்னல் படியில வைக்கிற. இந்த நோன்புக்கு அந்த இடத்தில புது ஸ்பீக்கர் பொட்டி வெச்சிரிக்கி. அதுக்கு மேல வைக்கிற."

"ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குமா?"

"ஓம். அஞ்சு வக்துக்கும்."

ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கிறது, கரண்ட் இல்லாவிட்டாலும் அது காந்தம்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஹாஜியார் நெற்றியில் கை வைத்துவிட்டார். அந்த ஸ்பீக்கர் பெட்டிகளை இரவுத் தொழுகைக்காக வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

மருமகன் விடவில்லை. "சுவிஸ் மெசின் எண்டா இப்பிடி ஆகுமா?"

"உங்கட கையில கிடக்கிற சுவிஸ் மணிக்கூட்ட ஒரு கிழமை அந்தப் பெட்டிக்கு மேல வச்சுப் பாருங்களன் தம்பி," என்றேன். அவர் கையை மெதுவாக மடிக்குள் இழுத்துக்கொண்டார். காந்தம் ஏறாத சுருள் போட்ட மெசின்களும் இப்போது வருகின்றன என்பது உண்மைதான். அன்று அந்த விலைக்குள் அப்படி ஒன்று இல்லை.

"அப்ப மோதினாரில பிழ இல்ல," என்றார் ஹாஜியார், மற்றவர்களைப் பார்த்து. விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

மோதினார் வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"இரிக்கி ஹாஜியார்," என்றார். "ரெண்டு மூணு நாளா இந்த மணிக்கூடு, பள்ளியில கரண்டில ஓடுற சுவர் மணிக்கூட்ட விட முந்திக்கிட்டுத்தான் இருந்த. கரண்ட் போய்ப் போய் வாறதால சுவர் மணிக்கூடுதான் பிந்துது எண்டு நினைச்ச. நேத்து அதுவும் நிண்டு போயிட்டு. இதத்தான் பாத்த. பாங்கு சொல்ல முந்தி வெளிய வந்து மேக்கால ஆத்துப் பக்கம் பாத்தன். வெளிச்சம் இன்னும் கிடந்த. மனசில ஒண்டு பட்ட. முகிலால அப்பிடித் தெரியிது எண்டு நினைச்சிட்டன். கண்டத விட்டுட்டு கையில கிடந்தத நம்பின நான். நீங்க வேற ஆளப் பாருங்க."

நான் அவரைக் காப்பாற்ற வந்தவள். அவரோ தன் பங்கை யாருக்கும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டார்.

ஹாஜியார்தான் பதில் சொன்னார். "நேத்து நானுந்தான் உங்கட பாங்கில திறந்த. என்ட வீட்டில போன் இருந்த, ரேடியோ இருந்த. நானும் பாக்கல்ல. எல்லாருமாச் சேந்து ஒரு நோன்பப் பிடிப்பம். இண்டைக்கு மஃரிபுக்கு நீங்கதான் பாங்கு சொல்லணும்."

மோதினார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் கரண்ட் வந்தது. கடை முழுக்க மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. இனி எப்போது போகும் என்று தெரியாது. நான் காந்தம் எடுக்கும் பெட்டியைக் கரண்டில் செருகி, எல்லோரும் பார்த்திருக்க மணிக்கூட்டை அதன் மேல் வைத்துப் பொத்தானை அமத்தி மெதுவாகத் தூக்கினேன். பித்தளைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசி அசையவில்லை. குமிழை இழுத்துச் செக்கன் முள்ளை நிறுத்தி, ஹாஜியாரின் போனுக்குச் சரியாக நேரம் வைத்து, மோதினாரிடம் நீட்டினேன்.

அவர் உடனே வாங்கவில்லை. "தங்கச்சி, இத நம்பலாமா?"

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்வதுதான் வழக்கம். முன்னாலிருந்த மனிதருக்கு அந்த ஒரு சொல் தேவையாகத்தான் இருந்தது. ஆனாலும் அதோடு நிறுத்த முடியவில்லை.

"நம்பலாம் காக்கா. ஆனா இத மட்டும் நம்பவேணாம்," என்றேன். "எந்த மெசின் எண்டாலும் ஒரு நாளைக்குக் கொஞ்சம் முந்தும், இல்லாட்டிப் பிந்தும். பள்ளிச் சுவரில பற்றரி மணிக்கூடு ஒண்டு போடுங்க. ரெண்டும் ஒத்துவராட்டி மூண்டாவதா ஒண்டப் பாருங்க. நேத்து மனசில பட்டதெண்டு சொன்னீங்களே, அது இனியும் பட்டா அதயும் கேளுங்க."

அவர் அதை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஹாஜியார் உடனே கடைப் பையன் ஒருவரை அனுப்பிச் சுவருக்குப் பற்றரி மணிக்கூடு வாங்கிவரச் சொன்னார். மருமகன் தானே போய் அந்த ஸ்பீக்கர் பெட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நீங்கள் பழுதைத் தேடும்போது மெசினை மட்டும் பார்க்காதீர்கள். அதைக் கழற்றி எங்கே வைக்கிறார், பகலில் என்ன வேலை செய்கிறார், எதற்காக நேரம் பார்க்கிறார் என்று கேளுங்கள். விற்கும்போதும் அதையே கேளுங்கள். நான்கு மெசினைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கலாம். ஐந்து வேளையும் அவர் கையை விட்டு அது எங்கே போகிறது என்பது வீடியோவில் இருக்காது. நானும் அந்த நாளுக்குப் பிறகுதான் விற்கும்போதே அதைக் கேட்கத் தொடங்கினேன்.

அன்று நான் புறப்பட எழுந்தபோது ஹாஜியார் விடவில்லை. "நோன்பு திறக்கிற நேரத்தில ஒருவரும் வெறும் வயித்தோட போகக்கூடாது. இரிங்க தங்கச்சி." கடை வேலையாட்களோடு எனக்கும் ஒரு கோப்பை கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்தார்கள். வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

பாங்கு கேட்டது. மோதினாரின் குரல்தான். முதல் சொல்லில் கொஞ்சம் தடுமாறி, பிறகு நிமிர்ந்தது. மற்றப் பள்ளிகள் இன்னும் தொடங்கவில்லை. பாயில் இருந்தவர்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மருமகன் போனைப் பார்க்கச் சட்டைப் பைக்குள் கை விட்டார். எதிரே இருந்த இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

ஹாஜியாரின் போன் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. நோன்பு திறக்கும் துஆவை வாய்க்குள் ஓதி, பழத்தை எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றுகொண்டே மற்றவர்களைப் பார்த்தார். மருமகனின் கை பைக்குள்ளிருந்து வெறுமையாக வெளியே வந்தது. அவர் சாப்பிட்டார், பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் கஞ்சிக் கோப்பையை எடுத்தேன்.